பிள்ளைச் செலவும் பிள்ளையின் ஹக்கும்

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இமாம் ஹஜரத்திடம் ஒரு மஸ்அலா கேட்க வந்தார். கம்பத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். மூன்று பெண்மக்களுக்குத் தகப்பன். நடு மகளுக்குத் தலைப்பிரசவம் ஆகி ஆண் குழந்தை பிறந்திருந்தது. நாற்பது கழித்துத் தாயையும் பிள்ளையையும் சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வெறுங்கையோடு அனுப்ப முடியாதாம். மரத்தொட்டில், மெத்தை, வெள்ளி அரைஞாண், பிள்ளையின் கழுத்துக்குத் தங்கச் சங்கிலி, சம்பந்தி வீட்டாருக்குத் துணிமணி, வேன் நிறையப் பலகாரம் எல்லாம் வேண்டும். கையிலிருப்பது பாதிக்குக்கூடக் காணவில்லை.

"ஹஜரத், நிர்ப்பந்தமான நிலையில் வட்டிக்கு வாங்கினால் குற்றமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இது நிர்ப்பந்தத்தில் சேருமா?"

"சேராது ராவுத்தரே" என்றார் ஹஜரத். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். மனம் ஒப்பிப் போனதாகத் தெரியவில்லை.

பதில் சரிதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பச்சைக் குழந்தை ஒன்றுக்குத் தங்கச் சங்கிலி தேவையா? அது ஆண் பிள்ளை. ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பது நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரிந்த மார்க்கச் சட்டம். ஹனபி மத்ஹபின் இமாம்கள், சிறுவனுக்கு அதை அணிவிக்கும் பெரியவர் மீதே குற்றத்தைச் சுமத்துகிறார்கள். ஆகாத பொருளை ஆகாத பணத்தில் வாங்கிப் பாலகனின் கழுத்தில் போட ஒரு நல்ல மனிதர் பள்ளிவாசல் படியேறி அனுமதி கேட்கிறார் என்றால், அவரை அந்த நிலைக்குத் தள்ளியது யார்?

பிள்ளைக்காகச் செய்யும் செலவு இரண்டு வகை. ஒன்று பிள்ளை அறியும் செலவு: பால், சோறு, துணி, மருந்து, தாயின் உடல்நலம். மற்றொன்று ஊர் அறியும் செலவு: பந்தல், சீர், சங்கிலி, சுன்னத்துக் கல்யாண ஊர்வலம். முதல் வகையில் கையைச் சுருக்குவது கஞ்சத்தனம். இரண்டாம் வகையில் சுருக்குவது சிக்கனம். நம்மில் பலர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். பெற்றவளுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைக்க யோசிக்கும் வீட்டில், பிரியாணிக்கு இரண்டு ஆடு கூடுதலாக அறுக்க யோசனை வருவதில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்ததாக வரலாற்று நூல்களில் காணப்படும் ஒரு நிகழ்ச்சி இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மதீனாவுக்கு வந்த வணிகக் கூட்டம் ஒன்று ஊருக்கு வெளியே தங்கியிருந்தது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு உமர் (ரலி) அவர்கள் இரவுக் காவலுக்குப் போனார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் சென்று பிள்ளையைக் கவனிக்கும்படிச் சொல்லித் திரும்பினார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் போய்ச் சொன்னார்கள். விடியும் நேரத்தில் மூன்றாம் முறை போனபோது, வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தத் தாய் சலித்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப் பார்ப்பதாகவும், அது மறுப்பதாகவும் சொன்னாள். இத்தனை சீக்கிரம் ஏன் என்று கேட்டதற்கு, பால் மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உமர் அரசாங்கப் படி கொடுக்கிறார் என்றாள். குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்று ஃபஜ்ருத் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையில் கரைந்து மக்களுக்கு விளங்கவில்லையாம். இந்தச் சட்டத்தால் எத்தனை பிள்ளைகள் மாண்டார்களோ என்று தம்மையே நொந்துகொண்டு, பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அன்று முதலே படி உண்டு, யாரும் அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம் என்று அறிவிக்கச் செய்தார்கள். எல்லா நாடுகளுக்கும் கடிதமும் எழுதினார்கள்.

கெட்ட எண்ணத்தோடு செய்த சட்டமல்ல அது. ஆனாலும் பணத்தைப் பற்றிப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு பச்சைக் குழந்தையின் வாயில் போய் விடிந்தது. நம் ஊர்ப் பழக்கங்களும் அப்படித்தான் விடிகின்றன.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பால் குடிக்கும் காலத்தை நிறைவாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்கிறது. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் யார் பொறுப்பு என்றும் சொல்கிறது. குழந்தை யாருக்காகப் பிறந்ததோ அவர், அதாவது பிள்ளையின் அத்தா, முறைப்படி அதைத் தர வேண்டும். எவரையும் சக்திக்கு மேல் சிரமப்படுத்தக் கூடாது, பிள்ளையைக் காரணம் காட்டித் தாயையோ தகப்பனையோ துன்புறுத்தக் கூடாது என்றும் அதே வசனம் எச்சரிக்கிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது. நாம் அந்தச் செலவைத் தூக்கிப் பெண்ணின் தகப்பன் தலையில் வைத்துவிட்டோம். தாய்வீட்டில் பிரசவம் பார்ப்பது பெண்ணுக்கு ஆறுதல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருமகன் ஒரு செப்புக்காசும் தராமல், நாற்பதாம் நாள் சீர் வந்ததா என்று எண்ணிப் பார்ப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கு பஞ்சப் பிரதேசமல்ல. 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் துளைத்து இந்தப் பக்கம் வந்தது முதல் இரு போகம் விளையும் பூமி. வாழைத்தாரும் தேங்காயும் திராட்சையும் லாரி லாரியாகப் போகின்றன. ஆனாலும் இந்த மாவட்டத்துக்கு ஒரு வடு உண்டு. பெண் சிசுக்களைப் பிறந்தவுடனே போக்கடித்த கொடுமை மதுரை, தேனி வட்டாரக் கிராமங்களில் இருந்ததால், 1992-ல் சேலத்தில் அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கும் வந்தது. திருமறை பிள்ளைக் கொலையை இரண்டு இடங்களில் தடுக்கிறது. ஓரிடத்தில் வறுமையினால் என்றும், இன்னோரிடத்தில் வறுமைக்கு அஞ்சி என்றும் வருகிறது. முன்னது இருக்கிற வறுமை, பின்னது வரப்போகும் வறுமை என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். பெண் குழந்தை எவ்வளவு சோறு தின்னும் என்று யாரும் அஞ்சியதில்லை. கல்யாணம், பிரசவம், சீர் என்று பின்னால் வரும் ஊரறியும் செலவுக்குத்தான் அஞ்சினார்கள். அந்தக் கொடுமை நம் வீடுகளில் இல்லை என்று சொல்லி நாம் நிம்மதி அடையலாம். மூன்றாவதும் பெண் என்று கேட்டவுடன் நம் வீடுகளில் விழும் அந்த மௌனத்துக்கு என்ன பெயர் வைப்பது?

இனி, பிள்ளை அறியும் செலவைப் பார்ப்போம். இதில் எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்பது ஒவ்வொரு இளம் தாய் தகப்பனும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

குறைக்கவே கூடாதது தாயின் தட்டு. பத்தியம் என்ற பெயரில் பெற்றவளுக்குக் காயைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடுமாக வைப்பது எங்கள் பக்கத்தில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, கேழ்வரகு, தாகத்துக்குத் தண்ணீர் இவற்றில் எதுவும் விலையேறிய பொருளல்ல. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச் சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏழைத் தாய்மார்களின் போஷாக்குக்கென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் மகப்பேறு உதவித்தொகை 1987 முதல் தமிழக அரசால் வழங்கப்பட்டு வருகிறது. அந்தத் தொகை கைக்கு வந்ததும் வெள்ளி அரைஞாணாக உருமாறிப் போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தாய் தின்ன வேண்டியதைப் பிள்ளையின் இடுப்பில் கட்டுகிறோம்.

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்க வேண்டும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. வெயில் காலமாயிற்றே, தொண்டை வறளுமே என்று நன்னிமார்கள் பாலாடையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அன்புதான். ஆனால் தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீரே இருக்கிறது. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொட்டு வைப்பதையும் நிறுத்த வேண்டும். தேனை ஒரு வயது நிறையும் வரை நாக்கில் படவிடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும் என்று குழந்தை மருத்துவர்கள் திட்டமாகச் சொல்கிறார்கள். தேனில் ஷிஃபா உண்டு என்ற வசனத்துக்கு இது மாறானதல்ல. வளர்ந்தவருக்கு மருந்தாவது சிசுவுக்கும் ஆக வேண்டுமென்பதில்லை.

டின் பால் விஷயத்தில்தான் சிக்கனம் ஆளையே விழுங்கிவிடும். பால் மாவு விலை அதிகம். ஒரு டின்னை ஒரு வாரம் நீட்டுவதற்காக மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். வயிறு நிறைகிறது; பிள்ளை மெலிகிறது. புட்டியைச் சரியாகக் கொதிக்க வைக்காவிட்டால் பேதி வேறு. ஏழை நாடுகளில் இதனால் நேர்ந்த சாவுகளைக் கண்டுதான் 1981-ல் உலக சுகாதார மன்றம் பால் மாவு விற்பனைக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. இந்தியாவிலும் 1992-ல் சட்டம் இயற்றி அதன் விளம்பரத்தைத் தடுத்தார்கள். நோயினாலோ வேறு தடையினாலோ பால் கொடுக்க முடியாத தாய்மார்களும் உண்டு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொன்னால் மாவு வாங்குங்கள். அப்போது டின்னில் போட்ட அளவில் ஒரு கரண்டிகூடக் குறைக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேறு இடமா இல்லை?

இங்கே ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய்மார்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. விடியுமுன்பே கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் நெருக்கிப் பிடித்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரள மலைக்குப் போகின்றன. பொழுது சாயத்தான் இறக்கிவிடுகின்றன. நம் மஹல்லாப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் ஜீப்பில் போய்வரும் தினக்கூலிப் பெண், கைக்குழந்தையை வீட்டில் விட்டுத்தான் போகிறாள். அப்படிப்பட்டவர்கள் போகுமுன் பாலைக் கொதிக்க வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகலாம். நிழலான இடத்தில் 4 மணி நேரம் வரை கெடாது. கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டி இருந்தால் மாலை வரை தாங்கும். புகட்டுவதற்குப் புட்டி வேண்டாம். பழைய பாலாடையே போதும். மூலை முடுக்கில்லாத பாத்திரமாதலால் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். நம் நன்னிமார்கள் சொன்னவற்றில் சில தவறு என்று மேலே எழுதினேன். பாலாடை விஷயத்தில் அவர்களே சரி.

துணியில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். பிள்ளைக்குப் புதுத்துணியைவிடப் பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்திக் கைலி சிறந்தது. ஒரு கைலியைக் கிழித்தால் ஏழெட்டுத் துணி தேறும். வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போட வேண்டும். ஆனி ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்றுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில்தான் திண்டாட்டம். அப்போதும் வெளியூர்ப் பயணத்திலும் டயப்பர் போட்டால் குற்றமில்லை. தினம் ஐந்து, ஒன்று பத்து ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் 1,500 ரூபாய். அதற்கு எத்தனை முட்டை, எத்தனை படி பருப்பு என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அக்காள் பிள்ளையின் சட்டை தங்கை பிள்ளைக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே ஒட்டுப் போட்டுக்கொண்டவர்கள்.

ஆறு மாதம் நிறைந்ததும் சோற்றையும் பருப்பையும் குழைய மசித்து ஒரு துளி நெய்யோ எண்ணெயோ விட்டு ஊட்டலாம். கேழ்வரகை ஊற வைத்து முளைகட்டி அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சினால் அருமையான கூழ். வாழைப்பழத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுக்குக் கரைக்கிறவர்களும் உண்டு. அவர்களே கடையில் போய்ப் படம் போட்ட டப்பா வாங்குவார்கள். இரண்டு வயது வரை தாய்ப்பாலும் கூடவே தொடரட்டும்.

பேதி கண்டால் மந்திரித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் சுகாதார நிலையத்தில் இலவசம். அது கைவசம் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். பேதி நின்றுவிட்டதென்று பாதியில் விடக் கூடாது. பிள்ளை துவண்டு போனாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பஸ் காசைப் பார்க்கும் நேரமல்ல அது. தடுப்பூசிக்கும் காசில்லை, நாள் தவறாமல் கொண்டுபோவது ஒன்றுதான் செலவு.

விளையாட்டுச் சாமானில் இன்னொரு வேடிக்கை. சக்கரம் வைத்த உட்கார்ந்து நடக்கும் வண்டியைப் பெருமையாக வாங்குகிறோம். பிள்ளைகள் அதோடு உருண்டு விழுந்து அடிபடுவதால் கனடா நாடு 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் தச்சர் செய்யும் மூன்று சக்கர நடைவண்டி போதும். பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. அதுவும் இல்லையென்றால் மரக்கரண்டியும் மூடியும் கொடுத்துப் பாருங்கள். புளியங்கொட்டையும் வேர்க்கடலையும் மட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

அகீகா என்ன ஆவது என்று கேட்பீர்கள். ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஒன்று என்பது வசதியுள்ளவருக்கு நல்ல அமல். ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் ஒவ்வோர் ஆடு கொடுத்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. இயலாதவர் மீது அது கடமையல்ல. ஊர் கூடும் பந்தலும் பந்தியும் நாம் சேர்த்தவை. பேரன் ஹஸன் (ரலி) அவர்களின் தலைமுடியை மழித்து அதன் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்யும்படி ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நிறுத்துப் பார்த்ததில் ஒரு திர்ஹமோ அதில் கொஞ்சமோதான் இருந்தது. ஏறக்குறைய மூன்று கிராம் வெள்ளி. இருலோக நாயகரின் பேரனுக்குத் தலைமுடிக் கணக்கில் செய்த தர்மம் அவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சிக்கனம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுச் செலவுக்கே பணம் தராத ஆண்கள் உண்டு. அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) நாயகத்திடம் வந்து, கணவர் கை இறுக்கமானவர், எனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானது தருவதில்லை என்று முறையிட்டபோது, உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமான அளவு எடுத்துக்கொள் என்று அனுமதி கொடுத்தார்கள். தகப்பன் பெட்டியில் உள்ள பணத்தில் பிள்ளையின் வயிற்றுக்கு ஒரு ஹக்கு உண்டு. அதை அவன் கொடுப்பது தயவல்ல.

கணக்கரின் விஷயத்துக்கு வருகிறேன். நானும் ஹஜரத்துமாக அவருடைய மருமகனைப் பார்க்கப் போனோம். பெரியகுளத்தில் செல்போன் பழுது பார்க்கும் பையன். முகம் கோணாமல் கேட்டான். "இது என் மேல் உள்ள கடமை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே அத்தா" என்றான். சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஆலிம்களும் எங்களைப் போன்ற வயதானவர்களும்தான். நிக்காஹ் அன்று மஹரை விசாரித்த நாங்கள், அதற்குப் பின் வரும் செலவு யாருடையது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய அம்மாவுக்கு நாங்கள் வந்ததே பிடிக்கவில்லை; இன்றுவரை அந்தக் குறை அவர்களுக்கு இருக்கிறது.

நாற்பதாம் நாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே பஸ்ஸில் வந்தான். பிரசவத்துக்கு ஆன செலவில் தன்னால் முடிந்ததை ஓர் உறையில் போட்டு மாமனாரிடம் கொடுத்தான். அவர் வாங்க மறுக்க, இவன் திணிக்க, சிறிது நேரம் இழுபறி. பிள்ளைக்கு வேறு எதுவும் இல்லையா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாளாம். கணக்கரின் மனைவி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே இருந்தது அவருடைய பழைய கைலிகள் மூன்றைக் கிழித்து ஓரம் அடித்த இருபத்திரண்டு துணிகளும், அவருடைய மகள் குடித்து வளர்ந்த வெள்ளிப் பாலாடையும்.